ஏரியில் மட்டும் பிடித்துக்கொண்ட என்ஜின்

நிற்பதற்கு முன் என்ஜினின் சத்தம் உயர்ந்தது. வண்டி வேகம் எடுக்கவில்லை. சத்தம் மட்டும் மெலிந்து, கூர்மையாகி, மேலே போனது. பிறகு சட்டென்று அறுந்தது. ஏரியின் நடுவில் அண்ணன் கைப்பிடியை விடாமல் உட்கார்ந்திருந்தான். வண்டி கடைசியாக எழுப்பிய அலை மெதுவாக வந்து, நானும் மெக்கானிக் பாயும் நின்றிருந்த கரையைத் தொட்டுப் போனது.

"மறுபடியும் பிடிச்சுக்கிச்சு" என்றார் பாய். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, மலை தொடங்குகிற இடத்தில் ஒரு பெரிய தென்னந்தோப்பு. நகரத்து ஆட்கள் வந்து தங்கிப் போவதற்காக உள்ளே சில குடில்கள், ஒரு சாப்பாட்டுக் கூடம், ஒரு ஏரி. ஏரி என்றது பெயர்ப்பலகைதான். பழைய குட்டை ஒன்றை அகலமாக வெட்டி, வாய்க்கால் தண்ணீரைத் திருப்பி விட்டிருந்தார்கள். அதில் படகு விடும் பொறுப்பைத் தோப்புக்காரர் என் அண்ணனிடம் கொடுத்திருந்தார். மிதிபடகுகள் இருந்தன. வருகிறவர்கள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கால் வலிக்கிறது என்று இறங்கிவிடுவார்கள். ஆட்களை இழுக்க வேறு ஏதாவது வேண்டும் என்று அண்ணன் கொச்சி வரை போய், ஒரு ஓட்டல் கைவிட்டிருந்த வாட்டர் ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டு வந்தான். மோட்டார் சைக்கிள்போல இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்து ஓட்டுவது. வெளியே சுற்றுகிற விசிறி கிடையாது. அடியில் இருக்கும் வாய் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சும். அந்த உந்துதலில் ஓடும். வாங்கி வந்தபோது என்ஜின் உப்பு ஏறி இறுகிக் கிடந்தது. அதைப் பிரித்து, சிலிண்டரைக் கடைந்து, புது பிஸ்டன் போட்டுக் கட்டியவர் பாய்.

கட்டிய என்ஜின் முதல் நாள் சாயங்காலம் நன்றாக ஓடியது. அண்ணன் இருட்டும்வரை இறங்கவில்லை. மறுநாள் பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொண்டது. புது பிஸ்டனுக்கு இடைவெளி போதவில்லை, தன் கணக்குதான் தப்பு என்று பாய் அப்போது ஒப்புக்கொண்டார். மறுபடி கடைந்து, அடுத்த அளவு பிஸ்டன் போட்டு, இடைவெளியை ஒரு மயிரிழை கூட்டினார். அன்றைக்கு அவரே பஸ் ஏறி வந்து பூட்டி, மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும் என்று பக்கத்தில் நின்றார். அண்ணனும் மெதுவாகத்தான் ஓட்டினான். அப்படியும் ஏரியின் நடுவில் மறுபடி நின்றுவிட்டது.

வண்டியைக் கயிறு கட்டிக் கரைக்கு இழுத்தோம். ரப்பர் கருகிய வாசனை வந்தது. தோப்புக்காரர் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து இறங்கி வந்தார். எங்கள் மூவருக்கும் இளநீர் வெட்டச் சொன்னார். நாங்கள் குடித்து முடித்த பிறகுதான் பேச்சை எடுத்தார்.

"பள்ளிக்கூடம் லீவு உட்டாச்சுன்னா சனம் வந்துருமுங்க தம்பி. அதுக்குள்ள ஆகலீன்னா ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. பாலக்காட்டுப் பார்ட்டி ஒண்ணு கேட்டுக்கிட்டே இருக்குது. உங்களுக்கும் சங்கடம் வேண்டாம்."

எங்கள் பக்கத்தில் ஒருவரை வேலையிலிருந்து நிறுத்துவதும் இந்தக் குரலில்தான் நடக்கும்.

"பாய் கட்டினதுல ஏதோ பிசகுங்க. சரி பண்ணிருவாருங்க" என்றான் அண்ணன். பாய் பக்கத்தில்தான் நின்றிருந்தார். குடித்து முடித்த இளநீர்க் கூட்டை எங்கே போடுவது என்று தேடுகிறவர்போல அவர் தள்ளிப் போனார்.

அண்ணனுக்கு அந்த ஏரி கைவிட்டுப் போனால் வேறு போக்கிடம் இல்லை என்று சொல்ல முடியாது. போக்கிடம் ஒன்று இருந்ததுதான் அவன் பிரச்சினை. கோவையில், கணபதியில் எங்கள் வீட்டின் முன்பகுதியே அப்பாவின் பம்ப்செட் பட்டறை. பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு அண்ணன் அங்கே உட்கார்ந்து மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றத் தொடங்கினான். நன்றாகச் சுற்றுவான். ஆனால் சுற்றும்போது அவன் முட்டி ஆடிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் எழுந்து, இனி நான் உட்கார்ந்து செய்கிற வேலைக்கு வரமாட்டேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுத் தோப்புக்குப் போய்விட்டான். அப்பா தடுக்கவில்லை. அவன் உட்கார்ந்த இடத்தில் வேறு ஆளையும் போடவில்லை. சுற்றிக்கொண்டிருந்த மோட்டார் பாதியில் அப்படியே இருந்தது. மேலே ஒரு கோணிச் சாக்கு.

அண்ணன் திரும்பி வருவான் என்று அப்பா நினைத்தாரா என்று நான் கேட்டதில்லை. சாக்கை எடுக்கவில்லை, அவ்வளவுதான் தெரியும்.

என்ஜினை மட்டும் கழற்றி, டெம்போவில் ஏற்றி, கோவைக்குக் கொண்டுவந்தோம். வண்டியின் உடல் ஏரிக்கரையிலேயே இருந்தது. முதல் தடவையும் அப்படித்தான். உடல் கனம், அதில் கோளாறு எதுவும் இல்லை, எதற்குச் சுமக்க வேண்டும்?

பாயின் பட்டறை கோட்டைமேட்டில் ஒரு சந்துக்குள். எதிர்ச் சாரியில் சிலிண்டர் கடைகிற லேத்காரர். இருவரும் பட்டறையை விட்டு எழாமலேயே சந்தின் குறுக்கே பேசிக்கொள்வார்கள். எனக்கு அப்போது பத்திரிகை அலுவலகத்தில் மத்தியானத்துக்கு மேல்தான் வேலை. காலையில் அண்ணனுடன் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்தவள் நான் மட்டும்தான். அவன் சந்து முனைக்குப் போவான், டீ வாங்கி வருவான், குடிக்காமல் வைப்பான், எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்த் தோப்புக்குப் போன் செய்வான், லீவு எப்போது என்று மறுபடி கேட்டுக்கொண்டு வருவான்.

அது இரட்டைச் சிலிண்டர் என்ஜின். பாய் பிஸ்டன்கள் இரண்டையும் கழற்றிப் பழைய பேப்பர் மேல் வைத்தார். லேத்காரர் வந்து சிலிண்டருக்குள் அளவுக்கோலை விட்டுப் பார்த்தார்.

"இன்னொரு தடவைதானுங்க. அதுக்கு மேல செவுத்துல இரும்பு இல்லை. கடைஞ்சா ஓட்டை உழுந்துரும். அப்பறம் பூந்தொட்டிக்கு வேண்ணா ஆகும்" என்றார். போகிற போக்கில், "பாய், உங்க கைராசிக்குத் தரையிலயே இருந்துக்கலாம். தண்ணி ஒத்துக்கலீங்க" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

"உங்க லேத்துல கடைஞ்சதுதான? தண்ணி உங்களுக்கும்தான் ஒத்துக்கலை" என்று பாய் சந்தின் குறுக்கே திருப்பிக் கொடுத்தார். ஆனால் சிரிக்கவில்லை.

அண்ணன் அவசரப்பட்டான். பிஸ்டன் நாளைக்கே கொண்டுவந்து விடுகிறேன், கடைந்து பூட்டிவிடுங்கள், இந்தத் தடவை இடைவெளியை இன்னும் கொஞ்சம் கூட்டினால் நின்றுவிடும் என்றான். அவன் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டுப் பாய் கையைத் துடைத்தார்.

"காரணம் தெரியாம இனிப் பூட்டமாட்டேனுங்க."

"லீவு உட்டுருவாங்க பாய்."

"உடட்டுமுங்க. மூணாந்தடவையும் பிடிச்சா, அப்பறம் நீங்களும் நானும் எதைப் பார்த்துக் காரணம் தேடறது? சிலிண்டரே இருக்காது."

அண்ணன் மறுபடியும் சந்து முனைக்குப் போனான்.

அதன் பிறகு நடந்ததை அருகில் இருந்து பார்த்தேன். பாய் எதையும் பிரமாதமாகக் கண்டுபிடிக்கவில்லை. இல்லாதவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளி வைத்தார். பிஸ்டனில் உரசிய கோடுகள் ஒரு பக்கம் மட்டும் இல்லை, சுற்றிலும் இருந்தன. இரண்டு பிஸ்டனிலும் ஒரே மாதிரி. எங்காவது காற்று ஒழுகியிருந்தால் ஒன்று கெட்டு மற்றது பிழைத்திருக்கும். ஆயில் போகாமல் பிடித்திருந்தால் அடியில் இருக்கும் பேரிங் வறண்டிருக்க வேண்டும். விரலை வைத்தால் வழுக்கியது. இடைவெளி போதவில்லை என்றால் இப்படிச் சுற்றிலும் உரசாது, அங்கங்கே நாலு இடத்தில்தான் உரசும் என்றார். முதல் தடவை அதைத்தானே காரணம் என்றீர்கள் என்று கேட்டேன். "அன்னிக்குச் சரியாப் பார்க்கலை தங்கச்சி. என் தப்புன்னு முடிவு பண்ணிட்டுத்தான் பார்த்தேன்" என்றார்.

கடைசியாகப் புகை போகும் பாதையில் இருந்த ரப்பர் குழாயைக் கழற்றினார். தரை வண்டிக்குக் காற்று பட்டுச் சூடு தணியும்; இந்த வண்டிக்கு ஏரித் தண்ணீர்தான் எல்லாம். உந்துவதற்கு உறிஞ்சுகிற தண்ணீரிலேயே கொஞ்சம் பிரிந்து என்ஜினைச் சுற்றி வந்து, புகைக்குழாயையும் நனைத்து வெளியேறும். நனைந்திருக்க வேண்டிய குழாய் உள்ளே கரியாகியிருந்தது. ஏரிக்கரையில் வந்த வாசனை அதுதான்.

"தண்ணி வரலை" என்றார் பாய். அந்த நாளில் முதல் தடவையாக அண்ணன் உட்கார்ந்தான்.

ஆனால் ஏன் வரவில்லை? என்ஜினுக்குள் தண்ணீர் போகும் வழிகளில் காற்று ஊதிப் பார்த்தார். எங்கும் அடைப்பு இல்லை. பூட்டிய பிறகு கரையில் வைத்து ஓட்டிப் பார்ப்பது வழக்கம். தோட்டத்துக் குழாயை நேராக என்ஜினில் மாட்டித் தண்ணீர் விடுவார்கள். அப்போதெல்லாம் சிலிண்டர் மேல் கை வைக்கிற சூட்டில்தான் இருந்தது. கரையில் பாரம் இல்லை, அதனால் தெரியவில்லை என்றான் அண்ணன். அப்படியென்றால் முதல் நாள் சாயங்காலம் ஏரியில் பாரத்தோடு இருட்டும்வரை ஓடியதே, அது எப்படி என்று பாய் கேட்டார்.

"முதல் நாளுக்கும் மறுநாளுக்கும் நடுவுல என்னங்க மாத்துனீங்க?"

"ஒண்ணும் மாத்தலீங்க."

"பெட்ரோல்?"

"அதேதானுங்க."

"பிளக்கு, ஆயிலு, வயரு?"

"கையே வைக்கலீங்க பாய். நாந்தான் சொல்றேனே, ஒண்ணும் மாத்தலை."

பாய் என்னைப் பார்த்தார். இரண்டு நாளும் கரையில் நின்றவள் நான். பார்த்ததை மட்டும் சொல்லச் சொன்னார். முதல் நாள் வண்டியின் ஒரு பக்கத்திலிருந்து நூல்போலத் தண்ணீர் பீய்ச்சியது, வெயில் பட்டுத் தெரிந்தது என்றேன். அது என்ஜினைச் சுற்றி வந்த தண்ணீர் வெளியேறுகிற துளை என்றார். மறுநாள் பிடித்துக்கொண்டபோது அது வந்ததா என்று கேட்டார். வரவில்லை என்று சொல்ல முடியாது, நான் பார்க்கவில்லை, அவன் மறுபக்கமாகவும் திரும்பியிருக்கலாம் என்றேன். அன்றைக்கும் சத்தம் உயர்ந்ததைச் சொன்னேன். பாயும் நானும் கேட்ட தடவையைப் போலவே, வண்டி வேகம் எடுக்காமல் சத்தம் மட்டும் உயர்ந்தது.

பாய் அதை என்னை மறுபடி சொல்லச் சொன்னார். பிறகு என்ஜினை அப்படியே விட்டு எழுந்தார்.

"வண்டியைப் பார்க்கோணும்."

"வண்டில என்னங்க இருக்குது? என்ஜின் இங்க இருக்குது" என்றான் அண்ணன்.

"இங்க இருக்கறதை எல்லாம் பார்த்தாச்சுங்களே. இனி அங்க இருக்கறதைத்தான் பார்க்கோணும்."

மறுநாள் காலையில் மூவரும் பொள்ளாச்சி வழியாகப் பஸ்ஸில் போனோம். இடம் காலியாக இருந்தும் அண்ணன் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு வந்தான். கிணத்துக்கடவு தாண்டியதும் ஒரு தடவை எங்கள் இருக்கைக்கு வந்து, நீங்கள் சிலிண்டரைக் கடையக் கொடுத்துவிட்டாவது வந்திருக்கலாம் என்று பாயிடம் சொல்லிவிட்டுப் போனான். பாய் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

தோப்பில் தேங்காய் உரிக்கிறவர்கள் நாலு பேரைக் கூப்பிட்டு, பழைய டயர்களைப் பரப்பி, அதன்மேல் வண்டியைக் கவிழ்த்தோம். என்ஜின் இல்லாததால் சுலபமாகப் புரண்டது. அடிவயிற்றில், தண்ணீர் உறிஞ்சும் வாயை மூடி ஒரு வலை பொருத்தியிருந்தது. பித்தளைக் கம்பி வலை. இரட்டையாக மடித்து, விளிம்பைச் சுற்றிப் பற்றவைத்து, அளவெடுத்து வெட்டியது. அருமையான வேலை. அதன்மேல் ஏரியின் வேலம்பாசி ஒரு துணியை விரித்தது மாதிரி ஒட்டி, காய்ந்து, பச்சையும் கறுப்புமாக இருந்தது.

பாய் குனிந்து விரலால் தொட்டார்.

"இது என்னங்க?"

"வலைங்க" என்றான் அண்ணன்.

"எப்பப் போட்டீங்க?"

"முதல் நாள் ஓட்டும்போது பாசி உள்ள இழுத்துச்சுங்க. மறுநாள் காலைல போட்டேன்."

"ஒண்ணும் மாத்தலைன்னீங்களே."

"மாத்தலீங்க. வலைதான் போட்டேன்."

தேங்காய் உரிக்கிறவர்களில் ஒருவர் சிரித்தார். மற்றவர்கள் சிரிக்கவில்லை, அவர்களுக்கும் அதில் என்ன வேடிக்கை என்று தெரிந்திருக்காது.

எனக்கே அந்த நிமிடம்வரை அது உறைக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அவன் அந்த வலையைப் பொருத்தியபோது நான் அங்கே இருந்தேன். வெட்டிய கம்பித் துண்டுகளைப் பொறுக்கிப் போட்டேன். பாய் கேட்டபோது எனக்கும் நினைவு வரவில்லை. நாங்கள் பம்ப்செட் வீட்டுப் பிள்ளைகள். உறிஞ்சுகிற எதையும் வலை இல்லாமல் தண்ணீரில் இறக்குவது எங்கள் வீட்டில் இல்லை. கிணற்றுக் குழாயின் அடியில், ஏறிய தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் புட்வால்வும் அதைச் சுற்றி வலையும் இருக்கும். வலை இல்லாமல் மோட்டார் கேட்டு வருகிறவர்களை அப்பா திருப்பி அனுப்பியிருக்கிறார். வலை போடுவது ஒரு மாற்றம் என்று எங்கள் இருவர் மனதிலும் பதியவே இல்லை. சாப்பிடும் முன் கை கழுவியதை யாராவது தனியாகச் சொல்வார்களா?

கிணற்றுப் பம்ப் நிதானமாக உறிஞ்சும். இது ஒரு வாய்க்காலையே இழுக்கிற மாதிரி இழுக்கும். அந்த இழுப்பில் பாசி வந்து வலையில் அப்பிக்கொண்டது. தள்ளுவதற்குத் தண்ணீர் கிடைக்காமல் என்ஜின் வெறுமனே சுற்றியது. அதுதான் உயர்ந்த சத்தம். தணிப்பதற்கும் தண்ணீர் கிடைக்கவில்லை. பாய் இதைச் சொல்லி முடிப்பதற்குள் அண்ணன் ஒரு திருப்புளியைக் கொண்டுவந்து வலையைக் கழற்றத் தொடங்கினான். அவன் பொருத்தியது எளிதில் வரவில்லை. கடைசி மூலையைக் கையாலேயே பிய்த்தான். உள்ளங்கையில் ரத்தம்.

தோப்புக்காரர் தூரத்தில் ஆட்களோடு பேசிக்கொண்டு நின்றார். அவருக்கு இது எதுவும் தெரியாது. பாய் கட்டியதில் பிசகு என்று அண்ணன் சொன்னதை நம்பிக்கொண்டிருந்தார். அதை அப்படியே விட்டிருந்தால் அண்ணனுக்கு இன்னொரு தவணை கிடைத்திருக்கும். மெக்கானிக்கை மாற்றினேன், சரியாகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். தன் தப்பு என்று சொன்னால், ஏரியைப் பாலக்காட்டுக்காரருக்குக் கொடுக்க அவருக்கு நல்ல காரணம் கிடைத்துவிடும். பாய் கவிழ்ந்த வண்டியின் வாய்க்குள் கையை விட்டுப் பாசியை வழித்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் வலையைக் கையில் எடுத்துக்கொண்டே தோப்புக்காரரிடம் போனான். பாயும் கேட்கும்படியாகத்தான் சொன்னான்.

"கோளாறு பாயோடது இல்லீங்க. என்னோடது. இதை மாட்டினது நான்."

தோப்புக்காரர் வலையை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். அவரும் தோட்டம் வைத்திருப்பவர், அவர் கிணறுகளிலும் வலைதான்.

"நல்லாத்தானுங்க பண்ணியிருக்கீங்க" என்றார் குழப்பத்தோடு. வலையை அண்ணனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, "லீவுக்கு ஓடுமுங்களா, ஓடாதுங்களா? அதை மட்டும் சொல்லுங்க" என்றார்.

"ஓடுமுங்க" என்றார் பாய், கீழே இருந்தபடியே.

சிலிண்டரைக் கடைசி முறையாகக் கடைந்தார்கள். லேத்காரர் அன்று கிண்டல் செய்யவில்லை. கடைந்து முடித்ததும் சுவரை நகத்தால் தட்டிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். வலை இல்லாவிட்டால் பாசி உள்ளே போகும் என்பதால் அண்ணன் விடிந்ததும் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, முள்கம்பி கட்டிய மரச்சட்டத்தை இழுத்துப் பாசியைக் கரையேற்றினான். தினமும் வளர்ந்தது, தினமும் இழுத்தான். கரையில் பாசி போராகக் குவிந்து நாறியது. தென்னைக்கு நல்ல உரம் என்று தோப்புக்காரர் அதை அள்ளிக்கொண்டார்.

லீவு விட்ட முதல் ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தார். மடியில் பேப்பரில் சுற்றிய ஏதோ ஒன்று. என்ஜின் இரண்டு தடவை பிடித்துக்கொண்டதை நான்தான் அவரிடம் சொல்லியிருந்தேன். வலை விஷயத்தைச் சொல்லவில்லை. அது அண்ணன் சொல்ல வேண்டியது என்று விட்டிருந்தேன். கூட்டம் வரிசையில் நின்றது. அப்பா வரிசையைத் தாண்டிப் போய், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, வண்டியின் அடியில் கையை விட்டுத் தடவினார்.

"வலை எங்கடா?"

"இதுக்கு வேண்டாங்கப்பா."

"வலை இல்லாம எறக்கலாமா?" என்று பேப்பரைப் பிரித்தார். செம்புக் கம்பியில் ஒரு வலை, அண்ணன் செய்ததைவிட நெருக்கமான கண்களோடு. "புடிச்சுக்குதுன்னு அம்மணி சொன்னா. நீ போட்டது கண்ணு பெருசாப் போயிருக்கும்னு நானே கட்டுனேன்."

அண்ணன் அதை வாங்கிக்கொண்டான். பாசியும் வலையும் செய்த வேலையைத் தாழ்ந்த குரலில் சொன்னான். அப்பா கேட்டாரா என்று தெரியவில்லை. அவர் பார்வை வண்டியின் வாயிலேயே இருந்தது. பிறகு அண்ணன் ஏறி உட்கார்ந்து ஏரிக்குள் போனான். நாங்கள் கரையில் நின்றோம். பட்டறையில் மோட்டாரைச் சோதிக்கும்போது செய்வதுபோல அப்பா தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டார். சத்தம் உயரவில்லை. ஒரே சீராகப் போனது. பக்கவாட்டில் தண்ணீர் நூலாகப் பீய்ச்சிக்கொண்டே இருந்தது.

"சுத்தறது சரியாத்தான் இருக்குது" என்றார். இன்னும் ஒரு சுற்று கேட்டார். அண்ணன் கரைக்கு வந்ததும், அவன் இறங்குவதற்குள், "பட்டறைல உன்ற எடத்துக்கு வேற ஆள் போட்டுக்கட்டுமா?" என்றார்.

"போட்டுக்குங்கப்பா."

அப்பா தலையாட்டினார். வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, கூடத்தில் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று என்னிடம் கேட்டார். அண்ணன் அடுத்தவரை ஏற்றிவிட்டுக் கரையில் வந்து நின்றான். அவனால் அப்போதும் உட்கார முடியவில்லை. வண்டி எந்தப் பக்கம் திரும்பினாலும், தண்ணீர் பீய்ச்சுகிற பக்கம் கண்ணில் படும்படி, கரையோரமாகவே கூட நடந்துகொண்டிருந்தான்.